புறவாசலில் பத்து வாத்துக் குஞ்சுகள்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

அறிவில் மந்தமானவனை ‘வாத்து மடையன்’ என்று ஏசுவது நம் வழக்கம். நம் கல்லூரி விடுதியில் இப்பட்டத்தை ஒருமுறையேனும் பெறாத மாணவர் அரியர். இக்கட்டுரையை எழுதும் நானும் அப்பட்டத்தை முறைப்படி பெற்றவனே. ஆனால், பத்து வாத்துக் குஞ்சுகளை முட்டைப் பருவத்திலிருந்து அவை முட்டையிடும் பருவம் வரை வளர்த்துப் பார்த்த பின்பு, மடமை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்குப் பெரியதோர் ஐயம் உண்டாகிவிட்டது. அந்த அனுபவத்தையும், அதன் வழியே கற்றுக்கொண்ட உயிரியல் உண்மைகளையும் மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூத்துக்குடி என்றவுடன் துறைமுகமும், உப்பும், முத்தும் நினைவுக்கு வரும். வாத்து நினைவுக்கு வராது. எனினும் முத்துக்கும் வாத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கடலுக்கடியில் தானாக விளைந்து கிடந்த சிப்பியை மூழ்கி எடுத்து வாழ்ந்தது இக்கடற்கரை. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்போடு அக்காலம் முடிந்தது. பின்னர் 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலறிஞர்கள் இதே தூத்துக்குடியில் சிப்பியைப் பேணி, அதனுள் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். கிடைப்பதை எடுப்பது ஒரு தொழில். பேணி வளர்ப்பது வேறொரு தொழில். பின்னதற்குப் பொறுமையும், கவனமும், தவற்றை ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும். இவை மூன்றும் எனக்கு இல்லாதிருந்தமையால் நேர்ந்த இழப்பையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஆச்சி வாத்தைத் தேர்ந்தெடுத்த காரணம்

எங்கள் ஊர் பழையகாயலுக்கும் கொற்கைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். ஒருபுறம் தாமிரபரணித் தண்ணீரில் விளையும் நெல்லும் வாழையும். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இது மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையினும் மிகுதி. அவ்வெள்ளத்தில் என் ஆச்சி வளர்த்த 14 கோழிகளும் கூட்டோடு போயின. கோழி முட்டை விற்ற காசுதான் ஆச்சியின் கைச்செலவு. வெற்றிலை முதல் என் பேருந்துக் கட்டணம் வரை அதில் அடக்கம்.

மறு ஆண்டு புரட்டாசியில் ஆச்சி ஒரு முடிவுக்கு வந்தாள். “இனிமே கோழி வேண்டாம்ல. வாத்துன்னா தண்ணி வந்தா மிதக்கும்லா” என்றாள். இக்கருத்தில் உள்ள பிழையை நாங்கள் பின்னர் அறிந்துகொண்டோம். அப்போது அது மிகவும் அறிவுடைய பேச்சாகவே தோன்றியது.

முட்டை கிடைத்த விதம்

திருவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அதன் வடகாலும் தென்காலும் பாயும் வயல்களில் அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அறுத்த வயலில் சிந்திய நெல்மணி, நத்தை, புழு, பூச்சி ஆகியவையே அவற்றின் தீனி. இரவில் வலையால் ஒரு பட்டி கட்டி அடைப்பர். விடியுமுன் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, மேய்ச்சல் தீர்ந்ததும் அடுத்த ஊருக்கு நகர்வர். ஆரணிப் பக்கத்து நாட்டு வாத்துகள் இவற்றுள் மிகுதி. இறகின் நிறத்தைக் கொண்டு அவற்றைக் ‘கீரி’ என்றும் ‘சந்நியாசி’ என்றும் பெயரிட்டு அழைப்பர்.

கார் அறுவடை முடிந்த வயலொன்றில் அத்தகைய பட்டியைக் கண்டு, அங்கிருந்த பெரியவரிடம் அடை வைக்க 12 முட்டைகள் கேட்டேன். “அடைக்கா தம்பி? அப்படின்னா சந்தை முட்டை வாங்காதே. சேவல் இல்லாத கூட்டத்து முட்டை பொரிக்காது” என்று கூறி, அன்று காலை பொறுக்கியவற்றிலிருந்து நடுத்தர அளவுள்ள, ஓடு கெட்டியான முட்டைகளாகத் தாமே எடுத்துக் கொடுத்தார். அடைக்குரிய முட்டை ஒரு வாரத்திற்கு மேல் பழையதாக இருத்தல் கூடாது. அழுக்குப் பட்டிருந்தாலும் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் நீங்கி, நுண்துளைகள் வழியே கிருமி உட்புகும். நார்ப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, கூர்முனை கீழ்நோக்கி இருக்குமாறு அடுக்கி வீட்டிற்குக் கொண்டு வந்தேன்.

இரவல் கோழி

நம் நாட்டு வாத்துகள் அடைகாப்பதில் அக்கறை குறைந்தவை. பல தலைமுறைகளாக முட்டைக்காகவே வளர்க்கப்பட்டமையால் அவ்வுணர்ச்சி அவற்றிடம் தேய்ந்துவிட்டது. ஆகவே வாத்து முட்டைக்கு அடைக்கோழியை நாடுவதே வழக்கம். எங்களிடம் கோழி இல்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் ஒரு பெரிய நாட்டுக்கோழி அடைக்கிருந்தது. ஆச்சி அதைப் பாதி வாரத்திற்குப் பேசி வாங்கினாள். அதாவது, முட்டையும் தீனியும் எங்களுடையவை, கோழி அவளுடையது, வளர்ந்த பின் வாத்துகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது. இந்த ஒப்பந்தத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வாத்து முட்டைக்கு 28 நாட்கள் வேண்டும். எனவே கோழி ஒரு வாரம் கூடுதலாக அமர வேண்டும். அது மெலிந்துவிடாமலிருக்க நாள்தோறும் ஒருமுறை இறக்கித் தீனியும் நீரும் கொடுத்தோம். வாத்து முட்டை பெரியதாதலால் கோழியால் நன்கு புரட்ட இயலாது. அக்கோழி இறங்கும் நேரத்தில் நாங்களே முட்டைகளைப் புரட்டி வைத்தோம். தாய் வாத்து நனைந்த இறகோடு வந்து அமர்வதால் முட்டைக்கு ஈரம் கிடைக்கிறது. கோழியிடம் அது இல்லை. ஆதலால் இரண்டாம் வாரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை முட்டைகளின் மேல் இலேசாகத் தெளித்து வந்தோம்.

ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கொளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தேன். பத்து முட்டைகளில் சிலந்தி வலை போன்று இரத்த நாளங்கள் தெரிந்தன. இரண்டு தெளிவாக இருந்தன, அவை கூமுட்டை. ஆய்வுக்கூடத்தில் கருவளர்ச்சிப் படங்களை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். எங்கள் வீட்டு முட்டைக்குள் துடிக்கும் செம்புள்ளியைக் கண்ட அன்றுதான் அப்படங்கள் எனக்கு விளங்கின.

28ஆம் நாள் ஓட்டில் கீறல் விழுந்தது. முழுவதும் வெளிவர ஒரு நாளுக்கு மேலாயிற்று. பொறுக்கமாட்டாமல் ஓட்டை உடைத்துவிட நான் கை நீட்டியபோது ஆச்சி என் கையைத் தட்டிவிட்டாள். அவள் செய்ததே சரி. மஞ்சள் கரு வயிற்றினுள் முழுவதும் இழுக்கப்படுமுன் உரித்தால் குஞ்சு இரத்தம் கசிந்து இறக்கும். அம்மஞ்சள் கருவே பொரித்தபின் ஒரு நாளுக்கு மேல் அதற்கு உணவாகிறது. ஆகவே முதல் நாளில் தீனிக்கு அவசரமில்லை. பத்துக் குஞ்சுகளும் நலமாக வெளிவந்தன.

தாய் எது?

பொரித்த குஞ்சுகள் கோழியையே தாயென்று கொண்டன. இதற்கு உயிரியலில் ‘பதிவு’ என்று பெயர். பொரித்த முதல் சில மணி நேரங்களில் தன் முன் அசைந்தும் ஒலித்தும் திரியும் பொருளைக் குஞ்சின் மூளை தாயென்று பதித்துக்கொள்கிறது. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கான்ராட் லோரன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். வாத்துக் குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டுமாயின், வாத்தைப் போல் ஒலியெழுப்பிக்கொண்டு குந்தியவாறே நகர வேண்டும் என்பதைக் கண்டு, அவ்வாறே புல்வெளியில் தவழ்ந்தார். இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1973ஆம் ஆண்டின் நோபல் பரிசை டின்பெர்கன், வான் பிரிஷ் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

எங்கள் கோழிக்கோ பெருஞ்சங்கடம். தரையில் சீய்த்துக் காட்டினால் குஞ்சுகள் சீய்க்கவில்லை. சேற்றைக் கண்டால் அலகை நுழைத்துச் சளப் சளப்பென்று சலித்தன. நீரைக் கண்டால் கோழியை விட்டு ஓடின. தாயைத் தாயென்று கற்றுக்கொண்டனவே அன்றி, தாயின் தொழிலைக் கற்றுக்கொள்ளவில்லை. எது பிறப்பில் வருவது, எது பழக்கத்தில் வருவது என்பதைக் காட்ட இதைவிட நல்ல செய்முறைப் பாடம் இல்லை.

முதல் இழப்பு: தண்ணீரில்

நான்காம் நாள், துணி துவைக்கும் தரைத்தொட்டிக்குள் ஒரு குஞ்சு இறங்கிவிட்டது. மகிழ்ச்சியாக நீந்தியது; ஆனால் ஏறத் தெரியவில்லை. கோழி கரையில் நின்று கதறியதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது அதன் பூம்பஞ்சு உடலோடு ஒட்டியிருந்தது. அன்றிரவே இறந்துவிட்டது.

‘நீந்தும் பறவை தண்ணீரில் சாவதா?’ என்று வியக்கத் தோன்றும். வளர்ந்த வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அவ்வெண்ணெயை அலகால் எடுத்து இறகுகளைக் கோதிச் சீர் செய்வதாலேயே நீர் உள்ளே புகுவதில்லை. குஞ்சுக்கு மெய்யான இறகு முளைக்கவும், அச்சுரப்பி நன்கு தொழிற்படவும் சில வாரங்கள் ஆகும். தாய் வாத்தின் எண்ணெய் பூசிய இறகணைப்பும் கோழி பொரித்த குஞ்சுக்குக் கிடைப்பதில்லை. நனைந்த குஞ்சு தன் உடல் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. ஆகவே முதல் மூன்று, நான்கு வாரங்கள் வரை குளிக்கவும் நீந்தவும் விடலாகாது.

அதே வேளையில் குடிநீர்க் கலம் மிகவும் ஆழமற்றதாக இருப்பதும் தவறு. அலகும் மூக்குத் துளையும் மூழ்கும் அளவுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இல்லையேல் மூக்கிலும் கண்ணிலும் தீனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். நாங்கள் ஒரு மண்சட்டியில் நீர் ஊற்றி, நடுவே பெரிய கூழாங்கற்களைப் போட்டு வைத்தோம். அலகு நனையும், உடல் நனையாது. செலவு ஒன்றுமில்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் 30 முதல் 32 டிகிரி வெப்பமும், பின்னர் வாரத்திற்குச் சுமார் 3 டிகிரி குறைவாகவும், நான்காம் வாரத்தில் 24 டிகிரி அளவிலும் கொடுப்பது முறை. கோழி அணைத்துக்கொள்ளும்வரை கவலையில்லை. ஆனால் குஞ்சுகள் வேகமாகப் பெருத்து, இரண்டாம் வாரத்திலேயே ஒன்பதும் அதன் சிறகுக்குள் அடங்கவில்லை. ஐப்பசி அடைமழை வேறு. பஞ்சாரத்தினுள் ஒரு 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். வெப்பமானி தேவைப்படவில்லை, குஞ்சுகளே வெப்பமானி. பல்பின்கீழ் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்திற்கு ஓடி வாய்திறந்து மூச்சிரைத்தால் வெப்பம். பரவலாகப் படுத்துறங்கினால் சரியான அளவு.

உப்பு என்னும் எதிரி

எங்கள் புறவாசல் கிணறு உவர்ப்பானது. கடற்கரை ஊர்களில் இது புதிதன்று. குடிக்கக் குழாய் நீர் வரும். குஞ்சுகளுக்கும் அதையே கொடுத்து வந்தோம். மழையில் குழாய் உடைந்து மூன்று நாட்கள் நீர் வராதபோது, ‘வாத்துதானே, எந்தத் தண்ணீரையும் குடிக்கும்’ என்று கிணற்று நீரை ஊற்றினேன். இரண்டாம் நாளே குஞ்சுகள் சோர்ந்தன. எச்சம் நீராகப் போயிற்று. ஓயாமல் குடித்துக்கொண்டே இருந்தன. மழைநீரைப் பிடித்து வைத்திருந்த அண்டாவிலிருந்து ஆச்சி மாற்றிக் கொடுத்த பின்னரே தெளிந்தன.

இதன் காரணம் சுவையானது. கடற்பறவைகள் உவர்நீரைக் குடித்தும் வாழ்கின்றன. அவற்றின் கண்களுக்கு மேலே உள்ள ஒரு சுரப்பி, மிகுதியான உப்பைக் கெட்டியான நீராக்கி மூக்கின் வழியே சொட்டவிடுகிறது. 1950களின் பிற்பகுதியில் நட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் இதனைக் கண்டறிந்தனர். வாத்துக்கும் இச்சுரப்பி உண்டு; ஆனால் நன்னீர் வாத்தில் அது மிகச் சிறியது. உப்பு சிறிது சிறிதாகக் கூடினால் வளர்ந்த வாத்தில் அது பெருத்து வேலை செய்யும். இளங்குஞ்சுக்கோ அத்தகைய ஆற்றல் இல்லை, சிறுநீரகமும் முதிரவில்லை. உப்பளத்து வாய்க்காலிலும் கழிமுகத்திலும் வளர்ந்த வாத்து மேய்வதைக் கண்டு, குஞ்சுக்கும் அது பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

உப்பு தீனி வழியாகவும் வரும். புரதத்திற்காகக் கருவாட்டுத் தூள் கலப்பது நம் பக்கத்து வழக்கம். கடைக் கருவாட்டில் உப்பு மிகுதி. அதைக் குஞ்சுக்குக் கொடுத்தலாகாது. கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் காரப்பொடி போன்ற சிறு மீன்களை உப்பிடாமல் வெயிலில் காயவைத்துப் பொடித்துக்கொள்வதே நல்லது.

இரண்டாம் இழப்பு: என் சிக்கனம்

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இக்கட்டுரையில் பயனுள்ள பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

முதல் எட்டு வாரங்களில் குஞ்சுத் தீனியில் 20 விழுக்காடு அளவுக்குப் புரதம் வேண்டும். நாங்கள் வேகவைத்த குருணை, தவிடு, மீன்தூள், கடலைப் புண்ணாக்கு, நறுக்கிய முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பிசைந்து கொடுத்தோம். வாத்துக்கு உலர்ந்த தீனி தொண்டையில் அடைக்கும். ஈரமாகப் பிசைந்து, பக்கத்திலேயே நீரும் வைக்க வேண்டும். மிஞ்சியதை அன்றன்றே அகற்ற வேண்டும்.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனபோது, ஓரிடத்தில் மழையில் நனைந்த கடலைப் புண்ணாக்கு பாதி விலைக்குக் கிடைத்தது. இலேசான பூசண வாடை. ‘வெயிலில் காய வைத்தால் போகும்’ என்று எண்ணி 5 கிலோ வாங்கினேன். மீதிக் காசை ஆச்சியிடம் கொடுத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காயவைத்தேன், வாடை போயிற்று, கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் குஞ்சுகள் தீனி எடுக்கத் தயங்கின. நடை தள்ளாடியது. காலிலும் விரல்களிலும் செவ்வூதா நிறம் படர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மூன்று குஞ்சுகள் தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு இறந்தன. கால்நடை மருந்தகத்திற்கு ஒன்றை எடுத்துச் சென்றேன். மருத்துவர் அறுத்து, வெளிறிப்போன கல்லீரலைக் காட்டி, “என்ன புண்ணாக்கு கொடுத்தீர்கள்?” என்று முதல் கேள்வியாகக் கேட்டார்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. காரணம் தெரியாமையால் ‘எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டனர். இறுதியில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ‘ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்’ என்னும் பூசணமே காரணமென்று கண்டனர். அது சுரக்கும் நஞ்சுக்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயர் சூட்டினர். இந்நஞ்சு கல்லீரலைத் தாக்கும். இதனால் மிக எளிதில் பாதிக்கப்படும் உயிர்களுள் வாத்துக் குஞ்சு முன்னிற்பது. அதனாலேயே இந்நஞ்சு ஒரு பொருளில் உண்டா என்று அறிய, அக்கால ஆய்வாளர்கள் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைச் சோதனைக்குப் பயன்படுத்தினர். வெயிலில் காயவைத்தாலும் நீரில் வேகவைத்தாலும் இந்நஞ்சு போகாது. பூசணம் மறையும், நஞ்சு நிற்கும். நான் போக்கியது வாடையை மட்டுமே.

எஞ்சிய புண்ணாக்கைக் குழி தோண்டிப் புதைத்தேன். ஆச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தப்பிய ஆறில் ஒன்றுக்குக் கால் வளைந்து நடக்க முடியாமற் போயிற்று. இது வேறு குறை. நியாசின் என்னும் ‘பி’ தொகுதி உயிர்ச்சத்து, கோழிக் குஞ்சைக் காட்டிலும் வாத்துக் குஞ்சுக்கு மிகுதியாகத் தேவை. குறைந்தால் கால் வலுவிழக்கும். மருத்துவர் கூற்றுப்படி ஈஸ்ட் மாவையும் மீன்தூளையும் கூட்டிக் கொடுத்ததில் பத்து நாட்களில் அது தேறி நடந்தது.

வளர்ச்சி

என் குறிப்பேட்டிலிருந்து சராசரி எடையைத் தருகிறேன். பொரித்த நாளில் 42 கிராம்; 2 வாரத்தில் 180 கிராம்; 4 வாரத்தில் 430 கிராம்; 8 வாரத்தில் 980 கிராம்; 20 வாரத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எட்டாம் வாரத்தில் உடல் முழுதும் இறகு மூடியது. மார்கழியில் வாய்க்காலில் இறக்கிவிட்டோம். அன்று அவற்றின் முதுகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியதைக் கண்ட பிறகே எங்கள் அச்சம் தீர்ந்தது.

ஆண், பெண் வேறுபாட்டைக் குரலே காட்டிவிடும். இரண்டு மாத அளவில் பெட்டை உரத்துக் ‘குவாக்’ என்று கத்தும்; ஆணின் குரலோ தொண்டை கட்டியவனைப் போலக் கம்மியிருக்கும். பின்னர் ஆணின் வாலின் மேல் இரண்டொரு இறகுகள் மேல்நோக்கிச் சுருளும். கூட்டத்தில் கத்துவதெல்லாம் பெண்பாலே என்று நான் கூறியபோது, எங்கள் வகுப்பு மாணவியர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. எங்களிடம் 4 பெட்டையும் 2 ஆணும் இருந்தன.

இரவில் அடைப்பது இன்றியமையாதது. ஒரு வாத்துக்குச் சுமார் 4 சதுர அடி இடம் போதும். வேலிக்கருவைப் புதரிலிருந்து வரும் கீரிப்பிள்ளையே பெரும்பகை. இருமுறை வந்தது, சத்தம் கேட்டு ஓடி விரட்டினோம். பின்னர் கூட்டின் அடியில் ஓரடி ஆழம் கம்பி வலையைப் புதைத்தோம்.

கோழிகளை வாட்டும் வெள்ளைக்கழிச்சல் வாத்துகளை அவ்வளவாக வாட்டுவதில்லை. எனினும் வாத்துப் பிளேக் என்னும் வைரஸ் நோயும், வாத்துக் காலராவும் கூட்டத்தையே அழிக்கவல்லவை. தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிய பருவத்தில் போட வேண்டும். கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் 2014ஆம் ஆண்டிலும் பின்னரும் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. வாத்துகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் தொடாமல் உடனே தகவல் தெரிவிப்பது நம் கடமை.

மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்த வயல்கள் எங்கள் வாத்துகளுக்குத் திறந்த களஞ்சியமாயின. வீட்டிலேயே தீனி போட்டால், காக்கி கேம்பல் போன்ற உயரின வாத்து 20 வாரத்திற்குள் சுமார் 12½ கிலோ தீனி தின்னும். வயல் மேய்ச்சலால் அச்செலவில் பெரும்பகுதி குறைந்தது. இங்கிலாந்தில் கேம்பல் அம்மையார் உருவாக்கிய அவ்வினம் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். நாட்டு வாத்து அதில் பாதியளவே இடும்; ஆனால் வெயிலையும் மேய்ச்சலையும் நன்கு தாங்கும்.

ஐந்தரை மாதத்தில், சித்திரை வெயிலில், ஒரு காலை கூட்டின் மூலையில் முதல் முட்டை இருந்தது. வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிடும். காலை 9 மணி வரை அடைத்து வைத்தால் முட்டை வாய்க்காலில் போகாது. முட்டை ஓட்டின் வலிமைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் கடற்கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்! இடித்துத் தீனியில் கலந்தோம். வாத்து முட்டையை அரைவேக்காடாக உண்ணாமல், நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

முடிவுரை

வாரம் பிரிக்கும் நாள் வந்தது. பத்துப் பொரித்து ஆறு மிஞ்சியது. கணக்குப்படி ஆளுக்கு மூன்று. மதினியும் மூன்றையே எதிர்பார்த்து வந்தாள். ஆச்சி மூன்று பெட்டையையும் ஓர் ஆணையும் பிடித்து அவளுடைய கடகத்தில் போட்டாள். எங்களுக்கு ஒரு பெட்டையும் ஓர் ஆணும்.

“என்ன அத்தை, கணக்கு தப்புதே?” என்றாள் மதினி.

“கணக்கு சரிதான். கோழி உன்னுது. அது ஒழுங்கா அடை காத்து பத்தையும் பொரிச்சுக் குடுத்துட்டு. தொட்டியைத் தொறந்து போட்டது நாங்க. மட்டப் புண்ணாக்கு வாங்கினது எங்க வீட்டுப் பிள்ளை. உன் அஞ்சுல ஒண்ணு குறையுது, அதுக்கு முட்டை தாரேன்” என்றாள் ஆச்சி.

மூன்றாண்டு விலங்கியல் படித்த எனக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை. ஓர் உயிரை வளர்க்க முற்பட்டவர், அது இறந்தால் விதியென்றோ நோயென்றோ கூறி விலகிக்கொள்ளலாகாது. காரணத்தைத் தேட வேண்டும். அக்காரணம் தன்னிடம் இருக்குமாயின் அதன் விலையைத் தானே கொடுக்க வேண்டும். அறிவியலும் இதைத்தான் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சியும் இதைத்தான் செய்தாள்.

புறவாசலும் நன்னீர் வசதியும் உள்ள மாணவ நண்பர்கள் விடுமுறையில் ஆறு முட்டைகளேனும் அடை வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். நன்னீர் கொடுங்கள்; நனையவிடாதீர்கள்; பூசண வாடை வீசும் எதையும், அது இலவசமாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். எங்கள் ஒற்றைப் பெட்டை இதுவரை 61 முட்டைகள் இட்டுள்ளது. அவற்றுள் முதல் 20 மதினி வீட்டிற்குச் சென்றன. அடுத்த 12 முட்டைகள், இதை எழுதும் நேரத்தில், அதே இரவல் கோழியின் அடியில் இருக்கின்றன.